எங்களுக்குக் கண்களாய் இருந்தவர்கள்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

நீதிபோதனை வகுப்பு என்றாலே எங்களில் சிலருக்கு உறக்கம் வரும். மறைப்பானேன், எனக்கும் வந்ததுண்டு. ஆனால் சென்ற ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல், எங்கள் அருட்சகோதரி கொண்டுவந்து காட்டிய படம் என் உறக்கத்தை மட்டுமன்று, மன அமைதியையும் சேர்த்தே கலைத்துவிட்டது.

புல் பூண்டு அற்ற செந்நிற மலை. அதன் அடிவாரத்தில் ஐந்தாறு ஒட்டகங்கள் வரிசையாகச் செல்கின்றன. அவற்றின்மீது வெளிநாட்டுப் பயணிகள் அமர்ந்திருக்கிறார்கள். தலையில் துணி சுற்றிய பெரியவர் ஒருவர் முதல் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்தபடி முன்னால் நடக்கிறார். பயணிகள் எல்லோரும் மலையைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் தரையைப் பார்க்கிறார்.

“இது எகிப்து நாட்டிலுள்ள சீனாய் மலை. மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்ற மலை என்று நம்பப்படுவது. உயரம் 2,285 மீட்டர். கயிற்றைப் பிடித்திருப்பவர் பெதூயின் இனத்தவர்” என்று அருட்சகோதரி விளக்கத் தொடங்கினார்.

பாலைவனத்தில் வாழ்பவர் என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லிலிருந்தே பெதூயின் என்ற பெயர் வந்ததாம். சீனாய் மலையடிவாரத்தில், ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டுவித்த புனித கத்தரீன் மடம் இன்றும் இருக்கிறது. அம்மடத்தைக் காக்கவும் துறவியருக்கு உதவவும் அப்பேரரசர் அனுப்பிய மக்களின் வழிவந்தவர்களே தாங்கள் என்று அங்குள்ள ஜெபலியா என்னும் குலத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். ஜெபலியா என்றால் ‘மலைக்காரர்’ என்று பொருள். திருப்பயணிகள் நள்ளிரவிலே புறப்பட்டு, இவர்களுடைய ஒட்டகங்களில் ஏறி, விடியற்காலையில் சிகரத்தை நெருங்குவார்கள். கடைசியில் 750 படிகள் இருக்கின்றன. அங்கே ஒட்டகம் நின்றுவிடும், மனிதர் மட்டும் நடக்க வேண்டும்.

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். இருப்பது கொழுப்பு என்றார் அருட்சகோதரி. தாகம் மிகுந்த ஒட்டகம் சிறிது நேரத்திலேயே 100 லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடுமாம். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பாறையிடுக்கில் மழைநீர் தங்கும், எந்தப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் பாயும், மணலில் கிடக்கும் தடம் யாருடையது என்பதையெல்லாம் பெதூயின் சிறுவர்கள் ஆடு மேய்க்கும் வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

பிறகு அருட்சகோதரி விவிலியத்தின் எண்ணிக்கை நூலிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். இஸ்ரயேல் மக்கள் சீனாயை விட்டுப் புறப்படுகிறார்கள். மிதியான் நாட்டைச் சேர்ந்த ஓபாபு என்பவரைத் தங்களுடன் வரும்படி மோசே அழைக்கிறார். அவரோ, தம் நாட்டுக்கும் உறவினரிடத்துக்கும் போகப் போவதாக மறுத்துவிடுகிறார். மோசே விடவில்லை. பாலைநிலத்தில் எங்கே கூடாரம் அடிக்க வேண்டுமென்று தெரிந்தவர் நீரே, எங்களுக்குக் கண்களாய் இரும் என்று மன்றாடுகிறார். ஆண்டவர் எங்களுக்கு அளிக்கும் நன்மையில் உமக்கும் பங்கு தருவோம் என்றும் வாக்களிக்கிறார்.

“கவனித்தீர்களா? பகலில் மேகம் அவர்களுக்கு வழிகாட்டியது. அப்படியிருந்தும், மண்ணறிந்த மனிதர் ஒருவர் வேண்டுமென்று மோசே கெஞ்சினார். இனி நீங்கள் சொல்லுங்கள். உங்கள் ஊரில் ஓபாபு யார்? அடுத்த வாரம் ஒரு பக்கம் எழுதி வாருங்கள்” என்று சொல்லி வகுப்பை முடித்தார்.

அடுத்த வாரம் எல்லோரும் எழுதி வந்தார்கள். ஆசிரியர்களைப் பற்றிச் சிலரும், பேருந்து ஓட்டுநரைப் பற்றிச் சிலரும், தந்தையைப் பற்றிப் பலரும் எழுதியிருந்தார்கள். நான் மட்டும் வெறுங்கையுடன் எழுந்து நின்றேன். விடை தெரியாமலன்று. விடை தெரிந்தது, எழுதக் கை வரவில்லை.

எங்கள் ஊர்

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், மலைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருப்பது எங்கள் ஊராகிய லோயர் கேம்ப். கர்னல் பென்னிகுயிக் துரை கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895ஆம் ஆண்டில் முடிந்தது. அந்த அணை வேலைக்காகக் கீழே அமைந்த முகாமே ஊரின் பெயராய் நின்றுவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மலையுச்சியிலிருந்து பெரிய பெரிய குழாய்கள் வழியே பெரியாற்றுத் தண்ணீர் கீழே இறங்கி, மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, எங்கள் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபமும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பொங்கலன்று அங்கே பொங்கல் வைத்து வழிபடுவோர் பலர்.

எங்கள் ஊருக்கு அருகே, காட்டின் வாசலில் இருக்கிறது பளியன்குடி. பளியர் என்னும் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர். தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் அவர்களுடைய தொன்றுதொட்ட தொழில்கள். மலைத்தேன் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுக்கும் பளியர் தாத்தா ஒருவர் உண்டு. என் அப்பத்தா அவருக்குக் கூலியோ காசோ கொடுக்குமுன் ஒரு செம்பு மோர் கொடுப்பார். இருவரும் திண்ணையில் அமர்ந்து மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தாத்தாவின் பேத்தி என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படித்தவள். ஒருநாள் அவள் என் பக்கத்தில் வந்து அமர்ந்தபோது, அவளுடைய பையில் விறகுப் புகை நாற்றம் அடித்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தேன். வகுப்பே சிரித்தது. எல்லோரும் சிரித்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்று முதல் அவள் கடைசிப் பெஞ்சில் அமர்ந்தாள். ஆறாம் வகுப்புக்கு நான் இந்தக் கன்னியர் பள்ளிக்கு வந்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்திவிட்டாள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அப்போதும் அந்தப் பெஞ்சு என் நினைவுக்கு வந்தது. வந்ததும் வேறு எதையாவது நினைத்துக்கொண்டேன்.

சித்ரா பௌர்ணமி

எங்கள் ஊருக்கு மேலே, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் மலைமுகட்டில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருநாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டுமே மக்கள் அங்கே செல்லலாம். தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து காட்டுப்பாதையில் ஜீப்புகள் செல்லும். நடக்கத் துணிந்தவர்கள் பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் மலையேற வேண்டும்.

சிலப்பதிகாரக் கதை நமக்குத் தெரிந்ததே. மதுரை எரிந்தபின் கண்ணகி மேற்கு நோக்கி நடந்து, மலையேறி, வேங்கை மரத்தின் கீழ் நின்றாள். பதினான்காம் நாளில் கோவலன் வந்து அவளை விண்ணுலகுக்கு அழைத்துச் சென்றான். அக்காட்சியைக் கண்டவர் அரசரோ புலவரோ அல்லர். குன்றத்தில் வாழ்ந்த குறவர்களே கண்டார்கள். பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் அவர்கள்தாம் சென்று சொன்னார்கள். மலைவாழ் மக்கள் கண்டு சொல்லியிராவிட்டால் அரசன் கல்லெடுக்க இமயம் சென்றிருக்க மாட்டான். இதை எங்கள் தமிழ் அம்மா வகுப்பில் சொல்லக் கேட்டும், நான் அதைப் பற்றி அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

சென்ற சித்ரா பௌர்ணமிக்கு நடந்தே போவதென்று என் அப்பத்தா வேண்டிக்கொண்டிருந்தார். வயதானவர், ஜீப்பில் போகலாம் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. “பளியரு கூட வர்றேன்னு சொல்லிட்டாரு. எனக்கு வேற யாரும் வேணாம்” என்று முடித்துவிட்டார். ஆகவே அப்பத்தா, அப்பா, விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகனான அண்ணன், நான் ஆகிய நால்வரும் விடியற்காலையில் பளியன்குடியை அடைந்தோம். தாத்தா கையில் கம்புடன் காத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், தோளில் துண்டும் இடுப்பில் சுரைக்குடுவையில் தண்ணீருமாக அவருடைய பேத்தி நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏறும்போது ஆயிரக்கணக்கான மக்களோடு ஏறினோம். தாத்தா முன்னால் நடந்தார். எங்கே காலை வைக்க வேண்டும், எந்தக் கல் ஆடும் என்பதைக் கம்பால் தட்டிக் காட்டிக்கொண்டே சென்றார். ஓரிடத்தில் நின்று ஒரு சிட்டிகை மண்ணெடுத்து மெல்ல விட்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறாராம். யானை பக்கத்தில் இருந்தால் நம் வாடை அதற்குப் போகாமலும், அதன் வாடை நமக்கு வரும்படியும் நடக்க வேண்டும் என்றார். அண்ணன் சிரித்தான். “இதுக்கு எங்கிட்ட போன்லயே வழி இருக்கு” என்றான். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

உச்சியை அடைந்தபோது உண்ட களைப்பெல்லாம் பறந்தது. சிதைந்த கற்கோயிலின் முன் பொங்கல் மணமும் மேளமும் நிறைந்திருந்தன. பெண்கள் மங்கல நாண் வாங்கிக்கொண்டார்கள். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைப் பாய் விரித்ததுபோல் தெரிந்தது. அப்பத்தா கண்ணீர் விட்டார்.

மூடுபனி

இறங்கும்போதுதான் சோதனை வந்தது. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. பிற்பகலில் வானம் இருண்டது. கோடை மழை சிறிது தூறியது. அதன்பின் வெண்பஞ்சுபோல் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி மூடிக்கொண்டது. அண்ணனின் போனில் சிக்னலும் இல்லை, மின்சக்தியும் தீர்ந்துவிட்டது.

அந்த நேரத்தில் இடப்பக்கமிருந்து பேச்சுக்குரல்கள் தெளிவாகக் கேட்டன. “அதோ, கூட்டம் அங்கதான் போகுது. வாங்க, குறுக்கால போய்ச் சேர்ந்துரலாம்” என்று அண்ணன் புறப்பட்டான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அவன் பின்னால் நானும் நாலைந்து அடி எடுத்து வைத்துவிட்டேன்.

“நில்லுங்க!” என்று தாத்தா அதட்டினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுவே முதல் முறை. “மலையில சத்தத்த நம்பக் கூடாது தம்பி. பாறையில மோதி மறுபக்கமா வரும். ஆளுக போறது வலப்பக்கம். மூட்டம் விலகுற மட்டும் யாரும் அசையக் கூடாது.”

அண்ணன் முணுமுணுத்தான். நான் திரும்பக் காலெடுத்தபோது ஈரப்புல் வழுக்கியது. விழப்போன என் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. “ஒன்னும் ஆகாது புள்ள. எங்கையப் பிடிச்சுக்க” என்றாள் அவள்.

ஒரு பாறையின் மறைவில் எல்லோரும் அமர்ந்தோம். அப்பத்தா குளிரில் நடுங்கினார். கோடைக்காலத்தில் காட்டுக்குள் தீ மூட்டவே கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார். அவள் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அப்பத்தாவுக்குப் போர்த்தினாள். அதிலிருந்து அதே விறகுப் புகை வாடை வந்தது. அப்பத்தா அந்தத் துண்டை முகத்தோடு சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, “அடுப்படி வாசம்டி, கதகதன்னு இருக்கு” என்றார்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. உனக்கு ஞாபகம் இருக்கா?” என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

“இருக்கு” என்றாள். சிறிது நேரம் பேசாமலிருந்தாள். “அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். பையத் துவைச்சுத் துவைச்சுப் பாத்தேன், போகல. அடுப்புக்கு மேல தொங்குற பை, எப்படிப் போகும்?”

“அதனாலதான் படிப்ப நிறுத்தினியா?”

“அட, நீ மூக்கப் பிடிச்சதுக்கா நான் படிப்ப விடுவேன்? அம்மாவுக்கு ஒடம்பு முடியல. தம்பி கைப்பிள்ள. யாரு பாக்குறது?” என்று சிரித்தாள். பிறகு, “தாத்தா மாதிரி மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஆசை. ஆனா இப்ப அந்த வேலைக்கெல்லாம் படிச்சிருந்தா நல்லதுன்னு சொல்றாங்க” என்றாள்.

அரைமணி நேரம் கழிந்திருக்கும். காற்று வீசியது. மூடுபனி திரை விலகுவதுபோல் விலகியது. நாங்கள் போகவிருந்த இடப்பக்கத்தில், இருபதடி தூரத்துக்கு அப்பால் தரையே இல்லை. செங்குத்தான பள்ளம்! கூட்டமோ, தாத்தா சொன்னபடி வலப்பக்கத்தில் வெகு கீழே எறும்புச் சாரைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் தாத்தாவின் பின்னால் போய் நின்றுகொண்டான். ஊர் சேரும்வரை அவர் கால் வைத்த இடத்திலேயே தன் காலையும் வைத்து நடந்தான்.

கற்றுக்கொண்ட உண்மைகள்

இந்த நிகழ்ச்சியை எழுதத்தான் என் கை வரவில்லை. எழுதினால் ஐந்தாம் வகுப்புப் பெஞ்சையும் எழுத வேண்டுமே! ஒரு வாரம் தாமதித்து, முழுவதையும் எழுதி அருட்சகோதரியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஓபாபுக்கு மோசே கொடுத்த வாக்கு நினைவிருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். நினைவிருந்தது. நன்மையில் பங்கு தருவதாக அன்றோ வாக்கு! கண்களைக் கடன் வாங்கிக்கொண்டோம். பங்கை எங்கே கொடுத்தோம்?

அதன்பின் நூலகத்திலும் செய்தித்தாள்களிலும் வழிகாட்டும் மக்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சீனாயில் 2015ஆம் ஆண்டில் மூன்று பெதூயின் குலத்தார் ஒன்றுகூடி, பயணிகளுக்காக 220 கிலோமீட்டர் நீளமுள்ள நடைப்பாதை ஒன்றை அமைத்தார்கள். 2018இல் எட்டுக் குலத்தார் சேர, அது 550 கிலோமீட்டராக வளர்ந்தது. ஒவ்வொரு குலத்தின் எல்லையிலும் அந்தக் குலத்தவரே வழிகாட்டுகிறார்கள். எல்லை வந்ததும் பயணிகளை அடுத்த குலத்தாரிடம் ஒப்படைக்கிறார்கள். தண்ணீரும் சுமைகளும் ஒட்டகத்தின்மேல் வருகின்றன. வருமானம் அந்தந்த ஊருக்கே சேர்கிறது. அதைவிட என்னை வியக்கவைத்தது, 2019ஆம் ஆண்டில் அமாதா என்னும் குலத்தைச் சேர்ந்த பெண்கள் முதன்முதலாக வழிகாட்டிகளாகி, வாடி சாஹு என்னும் பள்ளத்தாக்கில் பெண் பயணிகளை அழைத்துச் சென்றதுதான். வீட்டை விட்டு வெகுதூரம் போகாத பெண்கள், தாங்கள் ஆடு மேய்த்த மலையைத் தாங்களே காட்டினார்கள்.

நமக்கு அருகிலேயே இதற்கு ஒப்பான செய்தி உண்டு. தேக்கடியிலுள்ள பெரியாறு வனம் 1978இல் புலிகள் காப்பகமானது. அக்காட்டில் இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்கள் சிலர் இருந்தனர். 1998ஆம் ஆண்டில் வனத்துறை அவர்களைத் தண்டித்து ஒதுக்குவதற்கு மாறாக, ஒரு குழுவாக்கி, காட்டைக் காப்பவர்களாகவும் பயணிகளுக்கு வழிகாட்டுபவர்களாகவும் மாற்றியது. திருடர் நடந்த தடங்களை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? மன்னான், பளியர் இனத்தவரும் அங்கே வழிகாட்டிகளாகவும் மூங்கில் தெப்பம் ஓட்டுபவர்களாகவும் பணிபுரிகிறார்கள். ‘வசந்தசேனை’ என்ற பெயரில் குமுளிப் பகுதிப் பெண்கள், சந்தன மரங்கள் களவு போகாதபடி காட்டுக்குள் முறைவைத்துச் சுற்றிக் காவல் காத்திருக்கிறார்கள். பெண்கள் என்றால் காட்டுக்கு அஞ்சுவார்கள் என்று இனி யார் சொல்ல முடியும்?

வழிகாட்டுதலின் அருமை, அது இல்லாதபோதுதான் முழுமையாகத் தெரிகிறது. 2018 மார்ச் 11ஆம் நாள் எங்கள் மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீ மூண்டது. மலையேற வந்த இளைஞர்களும் பெண்களுமாக 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ எப்படி ஓடும், எப்பக்கம் தப்ப வேண்டும் என்பது வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அத்துயரத்துக்குப் பின் அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்கு அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, மாநிலமெங்கும் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, உள்ளூர் இளைஞர்களையும் பழங்குடியினரையும் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. இதைப் படித்தபோது, ‘படிச்சிருந்தா நல்லது’ என்று மூடுபனிக்குள் கேட்ட குரல் என் காதில் மீண்டும் ஒலித்தது.

ஞாயிற்றுக்கிழமைகள்

எட்டாம் வகுப்பு முடித்து, பதினான்கரை வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம் என்பதை அருட்சகோதரிதான் எனக்குச் சொன்னார். நானும் அப்பாவும் பளியன்குடிக்குச் சென்று அவளுடைய பெற்றோரிடம் பேசினோம். அவளுடைய அம்மா இப்போது உடல் தேறியிருக்கிறார். அவளுடைய அப்பா வெகுநேரம் யோசித்தார். தாத்தாதான், “மழைக்குக் கூரை வேயறவன் வெயில்லயே வேயணும். இப்பவே படிக்கட்டும்” என்றார்.

ஆகஸ்ட் மாதம் முதல் ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு நான் பாடம் சொல்லித் தருகிறேன். உண்மையைச் சொன்னால், சொல்லிக்கொடுக்கும்போதுதான் எனக்கே பல பாடங்கள் புரிகின்றன. இயற்கணிதம் என்றால் அவளுக்கு அச்சம். ஆனால் முக்கோணவியலில் ஏற்றக்கோணம் என்ற பகுதி வந்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மலைக் குழாய்களைக் காட்டி, “இங்கேருந்து பாத்தா இவ்வளவு அண்ணாந்து பாக்கணும், கிட்டப் போனா இன்னும் அண்ணாந்து பாக்கணும், அவ்வளவுதானே?” என்றாள். நான் நான்கு நாட்கள் மனனம் செய்தது அவளுக்கு நான்கு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

பதிலுக்கு அவள் எனக்கு மரங்களைச் சொல்லித் தருகிறாள். ‘மரம்’ என்று ஒரே சொல்லில் நான் கடந்துபோனவற்றுக்கு இப்போது வேங்கை, கடுக்காய், நெல்லி, ஈட்டி என்று பெயர்கள் இருக்கின்றன. தண்ணீர் எடுத்த தேனீ எந்தத் திசையில் திரும்பிப் போகிறது என்று பார்த்துக் கூட்டைக் கண்டுபிடிக்கலாம் என்பதும், கூட்டில் உள்ள தேனை முழுவதும் எடுக்கக் கூடாது, பூச்சிக்கும் குஞ்சுக்கும் விட்டுவைக்க வேண்டும் என்பதும் நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்காதவை.

அருட்சகோதரியிடம் ஒருநாள் கேட்டேன். “ஓபாபு கடைசியில் மோசேயுடன் போனாரா சிஸ்டர்?” அவர் புன்னகைத்தார். அந்த இடத்தில் ஓபாபுவின் விடை எழுதப்படவில்லையாம். ஆனால் பின்னால் வரும் நீதித்தலைவர்கள் நூலில், மோசேயின் மாமனாரின் வழிவந்தவர்கள் யூதாவின் மக்களோடு சென்று குடியிருந்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறதாம். அப்படியானால் அவர் போயிருக்க வேண்டும். மோசேயும் தம் வாக்கைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

அன்புத் தோழியரே! விடுமுறையில் கொடைக்கானலுக்கும் தேக்கடிக்கும் போகிறோம். நம்மில் சிலர் நாளை வெளிநாடுகளுக்கும் போகக்கூடும்; ஒட்டகத்தின்மேல் அமர்ந்து பாலைவனத்தையும் காணக்கூடும். அப்போது மலையை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், கயிற்றைப் பிடித்து முன்னால் நடப்பவரின் முகத்தையும் ஒருமுறை பார்ப்போம். அவருக்கும் ஒரு மகள் இருப்பாள். அவளுக்கும் ஒரு பை இருக்கும். அது எந்த ஆணியில் தொங்குகிறது என்று கேட்பது நம் கடமை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்களுக்குப் பொதுத்தேர்வு நெருங்கியிருக்கும். நான் நம் பள்ளியிலும், அவள் வேறொரு மையத்திலும் எழுதுவோம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் அவள் பெயரைப் பதிந்தாயிற்று. கணக்கில்தான் இன்னும் சிறிது கலக்கம், அவளுக்கும் எனக்கும். மரியன்னையிடம் வேண்டும்போது எங்கள் இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற சித்ரா பௌர்ணமிக்கு அப்பத்தா மீண்டும் நடந்தே போவதென்று இப்போதே சொல்லிவிட்டார். இம்முறை முன்னால் நடக்கப் போவது தாத்தா அல்லர், பேத்தி. அவளுக்குப் பின்னால், அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்து நான் நடப்பேன்.